சிறைக்குள் செல்போன்: ஒரு ஜாமர் வைத்தால் போதாதா?

சிறையில் இருந்தபடியே ஒருவர் செல்போனில் பேசி ஆளை மிரட்டினார், பணம் பறித்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "செல்போனை முடக்கும் ஒரு ஜாமரை வாங்கி மாட்ட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம். ரேடியோ அலை எப்படிப் பரவுகிறது, சட்டம் எதை அனுமதிக்கிறது, சிறைவாசிக்கு அந்த போன் எதற்காகத் தேவைப்படுகிறது என்ற மூன்றையும் பார்த்தால்தான் அது பிடிபடும்.

இதற்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சிக்கலால் பெரிதும் அடிபட்ட இடம் அது. கிட்டத்தட்ட எல்லா வழிகளையும் முயன்று பார்த்த இடமும் அதுதான்.

அந்த மாநிலத்தில் பிஷப்வில் என்ற ஊரில் லீ சிறை இருக்கிறது. ராபர்ட் ஜான்சன் என்பவர் அங்கே கேப்டனாக இருந்தார். உள்ளே வரும் தடைசெய்யப்பட்ட பொருள்களைத் தேடிப் பிடிப்பது அவர் பொறுப்பு. 2010 மார்ச்சில் ஒரு விடியற்காலை, அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்த ஒருவன் அவரை ஆறு முறை சுட்டான். அவர் பிழைத்ததே பெரிய விஷயம். அதற்கப்புறம் பல அறுவை சிகிச்சைகள். விசாரணையில் தெரிந்தது இது: அவரைக் கொல்ல ஏற்பாடு செய்தது சிறைக்குள் இருந்த ஆள்தான். அதற்குப் பயன்பட்டது, ஜான்சன் நாள்தோறும் தேடிப் பறிமுதல் செய்துவந்த அதே செல்போன்.

எட்டு ஆண்டு கழித்து, 2018 ஏப்ரல் 15 இரவு, அதே லீ சிறையில் மணிக்கணக்கில் கலவரம் நடந்தது. 7 கைதிகள் கொல்லப்பட்டனர். கும்பல்களுக்கு இடையே இடத்துக்காகவும் கடத்தல் பொருளுக்காகவும் நடந்த சண்டை அது, செல்போன்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று மாநிலச் சிறைத் துறையின் அப்போதைய இயக்குநர் பிரையன் ஸ்டர்லிங் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வழக்கு வெளியே வந்தது. தென் கரோலினா சிறைகளில் இருந்தவர்கள் இணையத்தில் இளம்பெண்களைப் போல நடித்து, ராணுவத்தினரிடம் பழகி, படங்களைப் பரிமாறியிருக்கிறார்கள். பிறகு அந்தப் பெண்ணின் தந்தை போலப் பேசி, "அவள் மைனர், போலீசுக்குப் போவேன்" என்று மிரட்டியிருக்கிறார்கள். ராணுவத்தினர் 442 பேர் ஏமாந்தார்கள். போன பணம் 5,60,000 டாலருக்கு மேல்.

தண்டனை என்பது ஒருவரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைப்பது. அந்தப் பிரிவை ஒரு சின்னக் கருவி இல்லாமல் ஆக்கிவிடுகிறது. சிறை நிர்வாகங்களின் கவலை அதுதான்.

போன் எப்படி உள்ளே போகிறது?

முன்பெல்லாம் மதில் மேல் தூக்கி எறிவார்கள். பந்துக்குள் வைத்து எறிவார்கள், பொட்டலமாகக் கட்டி எறிவார்கள். அதைத் தடுக்க தென் கரோலினாவில் சிறைகளைச் சுற்றி 50 அடி உயரத்துக்கு வலை கட்டினார்கள். எறிய முடியாமல் போனதும் ட்ரோன் வந்தது. 2017 ஜூலையில் அந்த மாநிலத்தின் இன்னொரு சிறையிலிருந்து ஒருவர் தப்பினார். வேலியை வெட்டிய கருவி ட்ரோனில் வந்தது என்றும், திட்டம் போட உதவியது கள்ள செல்போன் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். சில நாளில் டெக்சாசில் பிடிபட்டார்.

மூன்றாவது வழியைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: ஊழியர்கள். வெளியே மலிவாகக் கிடைக்கும் போனுக்கு உள்ளே பல மடங்கு விலை. குறைந்த சம்பளத்தில், ஆள் பற்றாக்குறையில், பயத்தோடு வேலை பார்க்கும் ஒரு காவலருக்கு ஒரே ஒரு போனைக் கொண்டுவந்தால் கிடைக்கும் தொகை பெரிய சபலம். உலகம் முழுக்கச் சிறை ஊழியர்கள் இதற்காகக் கைதாகியிருக்கிறார்கள். மதிலை எவ்வளவு உயர்த்தினாலும், வாசல் வழியாக வரும் போனை அது தடுக்காது.

எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறியது என்பதற்குக் கலிபோர்னியா ஓர் உதாரணம். அம்மாநிலச் சிறைகளில் 2007-இல் பிடிபட்ட போன்கள் சுமார் 1,400. 2011-இல் சுமார் 15,000. சார்லஸ் மேன்சன் போன்ற பேர்பெற்ற கொலைக் குற்றவாளியின் படுக்கைக்கு அடியிலேயே ஒரு போன் கிடைத்தது.

ஜாமர் என்ன செய்கிறது?

செல்போன் ஒரு சின்ன ரேடியோ. அது டவரோடு பேசும், டவர் அதோடு பேசும். இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை. டவரிலிருந்து கிளம்பும்போது வலுவாக இருக்கும் அலை, உங்கள் கையில் இருக்கும் போனை அடையும்போது நம்ப முடியாத அளவுக்கு மெலிந்துவிடும். சாதாரணமாக ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய குரலைத்தான் போன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஜாமர் அந்தக் குரலை வெட்டுவதோ, தடுத்து நிறுத்துவதோ இல்லை. அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலை வாரி இறைக்கிறது. கோயில் கொடையில் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பக்கத்து ஆளிடம் பேசிப் பாருங்கள். அவர் வாய் அசையும், உங்கள் காதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சொல் ஒன்றும் விழாது. போனுக்கும் அதே நிலைதான். டவர் பேசிக்கொண்டே இருக்கிறது, போனுக்குக் கேட்கவில்லை. திரையில் சிக்னல் இல்லை என்று வரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒலிபெருக்கியின் சத்தம் கோயில் மதிலோடு நிற்பதில்லை. தெருவெல்லாம் கேட்கும். ரேடியோ அலையும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகக் குறையும், ஆனால் ஒரு கோட்டைக் கிழித்து "இதற்கு அப்பால் போகாதே" என்று அதனிடம் சொல்ல முடியாது. ஜாமரின் வலிமையைக் குறைத்து வைத்தால் கான்கிரீட் சுவர்களுக்குள் இருக்கும் மூலை அறைக்கு அது எட்டாது. கூட்டி வைத்தால் மதிலுக்கு வெளியே உள்ள வீடுகளில் போன் வேலை செய்யாது. அந்த வீடுகளில் ஒன்றில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டியிருந்தால்? ஊருக்கு நடுவே இருக்கும் சிறைகளில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

ஒரே பெரிய ஜாமருக்குப் பதிலாக, ஒவ்வொரு தொகுதிக்கும் சின்னச் சின்ன ஜாமர்களை வைப்பது நல்ல யோசனை. 2018 ஜனவரியில் மேரிலாந்தின் கம்பர்லேண்ட் மத்திய அரசுச் சிறையில் இப்படி ஒரு சின்ன ஜாமரைச் சோதித்தார்கள். அறைக்குள் போன் செயலிழந்தது, வெளியே கொஞ்ச தூரத்திலேயே பாதிப்பு இல்லை. 2019 ஏப்ரலில் தென் கரோலினாவின் பிராட் ரிவர் சிறையிலும் சோதனை நடந்தது. அதாவது முடியும், ஆனால் பணமும் பொறுமையும் வேண்டும். எத்தனை அறையோ அத்தனை அளவீடு.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஜாமர் எந்த அலைவரிசைக்காகச் செய்யப்பட்டதோ அதில் மட்டும்தான் இரைச்சல் போடும். நிறுவனங்கள் புது அலைவரிசையில் சேவை தொடங்கினால் பழைய ஜாமருக்கு அது தெரியவே தெரியாது. 2ஜி காலத்தில் வாங்கிய ஜாமர்கள் 4ஜி வந்ததும் காட்சிப் பொருளாகிப்போன கதை இந்தியச் சிறைகளில் பல இடங்களில் நடந்தது. 5ஜி வந்தபோது மறுபடியும் அதே கதை. ஜாமரை வாங்கியதோடு வேலை முடியவில்லை, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப் பணம் ஒதுக்க வேண்டும். இந்தச் செலவை யாரும் முதலிலேயே கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சட்டம் குறுக்கே வருகிறது

அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம், உரிமம் பெற்ற ரேடியோ சேவையில் வேண்டுமென்றே குறுக்கிடுவதைத் தடை செய்கிறது. மத்திய அரசின் துறைகளுக்குத் தனி வழி உண்டு. மாநில அரசுகளுக்கு இல்லை. நாட்டின் பெரும்பாலான கைதிகள் இருப்பதோ மாநிலச் சிறைகளில். அதனால்தான் பிராட் ரிவர் சோதனை ஒரு மாநிலச் சிறையில் நடந்தாலும் மத்திய அரசின் பெயரில் நடக்க வேண்டியிருந்தது.

சுடப்பட்டு உயிர் பிழைத்த ஜான்சன் அதற்கப்புறம் பல ஆண்டுகள் வாஷிங்டனுக்குப் போய் இதைத்தான் கேட்டுவந்தார்: ஜாமருக்கு அனுமதி கொடுங்கள். செல்போன் நிறுவனங்கள் எதிர்த்தன. பொதுமக்களின் அவசர அழைப்புகள் கெட்டுப்போகும் என்பது அவர்கள் வாதம். அதை வெறும் வியாபார வாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குண்டடிபட்டவரின் கோபத்தையும் தள்ள முடியவில்லை.

2025 செப்டம்பரில், தொலைபேசி, ரேடியோ சேவைகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க மத்திய தகவல் தொடர்பு ஆணையம் ஒரு புது யோசனையை முன்வைத்தது. கைதியின் கள்ள போன் செய்யும் ஒலிபரப்பு சட்டப்படி அனுமதி பெற்றதே இல்லை, ஆகவே அதைக் கெடுப்பது சட்ட மீறல் ஆகாது என்று விளக்கம் கொடுத்து, மாநிலச் சிறைகளுக்கு ஜாமர் வாசலைத் திறப்பது அந்த யோசனை.

இந்தியாவில் நிலை வேறு. இங்கே தனியார் ஜாமர் வைத்திருப்பது குற்றம். ஆனால் மாநில அரசுகள் மத்திய அரசின் ஒப்புதலோடு சிறையில் வைக்கலாம். பாரத் எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். சட்டம் தடையாக இல்லாத இந்த நாட்டிலும் சிறைகளில் போன் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அமெரிக்கர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஜாமர் இல்லாமல் வேறு வழி

ஒரு வழி, சிறைக்குள்ளேயே ஒரு டவரை வைப்பது. போன் எப்போதும் தனக்கு வலுவாகக் கேட்கும் டவரோடு ஒட்டிக்கொள்ளும். சிறை வளாகத்தில் வைத்த டவர் பக்கத்தில் இருப்பதால் உள்ளே இருக்கும் போன்கள் எல்லாம் அதோடு இணையும். அங்கே ஒரு பட்டியல் இருக்கும். கண்காணிப்பாளரின் எண், மருத்துவரின் எண் என்று பட்டியலில் உள்ளவர்களுக்கு அழைப்பு போகும். மற்ற எல்லா அழைப்பும் அங்கேயே நின்றுவிடும். அவசர உதவி எண்ணை யார் அழைத்தாலும் விடுவார்கள். நம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் பெயர்ப் பட்டியலைப் பார்த்து உள்ளே விடுவது போலத்தான். 2010-இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் இதை முதலில் நிறுவினார்கள். திகார் சிறையும் இதே திசையில், சிறை வளாகத்துக்கென்று தனி டவர் வைத்து அழைப்பைத் தடுக்கும் முறைக்கு வந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது, நடத்துவதுதான் கடினம். இன்றைய போன்கள் ஏமாளிகள் இல்லை. 3ஜி-க்குப் பிறகு, "நீ உண்மையிலேயே என் நிறுவனத்தின் டவர்தானா?" என்று சிம் அட்டையில் உள்ள ரகசியச் சாவியை வைத்துப் போன் சரிபார்க்கும். அதனால் செல்போன் நிறுவனங்கள் எல்லாமே சம்மதித்து ஒத்துழைத்தால்தான் இந்தச் சிறை டவர் வேலை செய்யும். வெளியே ஒரு நிறுவனம் தன் டவரின் வலிமையைக் கூட்டினால், உள்ளே இருக்கும் அமைப்பையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு சிறைக்கும் ஆகும் செலவும் பெரிது.

இன்னொரு வழி போனையே சாகடிப்பது. உங்கள் போனில் நட்சத்திரம், கட்டக்குறி, 06, கட்டக்குறி என்று அழுத்திப் பாருங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். அதுதான் ஐஎம்இஐ, அந்தக் கருவியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. சிம்மை மாற்றினாலும் அது மாறாது. சிறையைச் சுற்றிப் பொருத்திய உணர்விகள் எந்தக் கருவி உள்ளே இருந்து பேசுகிறது என்று கண்டுபிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளும். நிர்வாகம் அந்தப் பட்டியலை நிறுவனங்களுக்கு அனுப்பும். அமெரிக்காவில் 2021-இல் வந்த விதிப்படி, முறையான கோரிக்கை வந்த இரண்டு வேலை நாளுக்குள் நிறுவனம் அந்தப் போனை முடக்க வேண்டும். தென் கரோலினா இதை 2023-இல் லீ சிறையிலேயே தொடங்கியது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான போன்கள் செத்துப்போயின. பிரிட்டன் இதற்கு நீதிமன்ற உத்தரவு வழியாகப் போகிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு இடம் கொடுத்தது.

எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை இல்லை. இரைச்சல் இல்லை. ஆனால் அடையாளம் தவறினால், மதில் ஓரமாகப் போன லாரி ஓட்டுநரின் போன் செத்துவிடும். சரியாகவே முடக்கினாலும், அடுத்த வாரம் இன்னொரு போன் உள்ளே வரும். விலை ஏறும், அவ்வளவுதான். விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள், ஆனால் கொண்டுவருகிறவருக்கு லாபமும் கூடும்.

அப்புறம் தேடுதல். இது பழைய வேலை, ஆனால் கருவிகள் புதியவை. காந்தத்தை உணரும் ஒரு கம்பத்தை நடைபாதையில் நிறுத்தினால், அதைக் கடந்து போகிறவர் மறைத்து வைத்திருக்கும் போனை அது கண்டுபிடிக்கும். போன் அணைந்திருந்தாலும் சரி, ஒலிபெருக்கிக்குள் இருக்கும் சின்னக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். போனின் சில்லுகளில் இருக்கும் குறைக்கடத்தியை மோப்பம் பிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்று உண்டு. சுவருக்குள்ளோ மெத்தைக்குள்ளோ புதைத்த போன் அதற்குச் சிக்கும். நிஜமான மோப்ப நாய்களும் இதற்கென்றே பழக்கப்படுத்தப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனை: ஊழியர்களையும் அதே வாசலில் அதே மாதிரி சோதிக்க வேண்டும்.

போன் யாருக்காக?

இதுவரை சொன்னது எல்லாம் போனைத் தடுப்பது பற்றி. அந்த போன் எதற்காக வாங்கப்படுகிறது என்று கேட்காவிட்டால் விளக்கம் பாதியில் நின்றுவிடும்.

கொலைக்கு ஏற்பாடு செய்கிறவன் இருக்கிறான். மறுக்கவில்லை. ஆனால் கள்ள போனில் பேசுகிற எல்லோரும் அவன் இல்லை. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளை பரீட்சை எழுதினாளா, வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்கத்தான் பலரும் அந்த ஆபத்தை எடுக்கிறார்கள். நம் ஊரில் மனு போட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, கம்பிக்கு இந்தப் பக்கம் கத்திப் பேசிவிட்டு வந்தவர்களிடம் கேட்டால் தெரியும், அந்தச் சில நிமிடம் எவ்வளவு சிறியது என்று. தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் இப்போது தொலைபேசியோடு காணொளி அழைப்பும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

இரண்டு வகைப் பேச்சையும் ஒரே கருவியில் கலக்க விட்டால், தடுக்கிறவருக்கு எது எது என்று தெரியாது. வீட்டோடு பேச மலிவான, பதிவாகும், சட்டப்படியான ஒரு வழியைக் கொடுத்துவிட்டால், கள்ள போன் வைத்திருக்கிறவர்களின் கூட்டம் சுருங்கும். மீதி இருப்பவர்களைத் தேடுவது எளிது. இங்கிலாந்தில் பல சிறைகளில் அறைக்குள்ளேயே தொலைபேசி வைத்துவிட்டார்கள். அனுமதித்த எண்களுக்கு மட்டும் போகும், தேவைப்பட்டால் கண்காணிக்கலாம்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாகத்தான் நீண்ட காலம் நடந்தது. சிறைத் தொலைபேசியை ஒரே ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விடுவார்கள். வருமானத்தில் ஒரு பங்கு சிறைக்கோ அரசுக்கோ திரும்பி வரும். அதனால் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 15 நிமிடம் பேச 10 டாலருக்கு மேல் கட்டிய குடும்பங்கள் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கைதி கட்டவில்லை, வெளியே இருந்த அம்மாவும் மனைவியும் கட்டினார்கள்.

வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற பாட்டி இருந்தார். கண் பார்வை போனவர், கடிதம் எழுதவோ படிக்கவோ முடியாது. சிறையில் இருந்த பேரனோடு பேசத் தொலைபேசி ஒன்றுதான் வழி. மருந்துக்குப் பணமா, பேரனின் அழைப்புக்குப் பணமா என்று பார்க்க வேண்டிய நிலை. 2000-இல் அவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அந்த மத்திய தகவல் தொடர்பு ஆணையத்திடம் போகச் சொன்னது. ஆணையத்தில் மனு போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015-இல் மார்த்தா ரைட் இறந்துவிட்டார். அவர் பெயரையும் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. கட்டணத்துக்கு வரம்பு வைக்க ஆணையத்துக்கு அது முழு அதிகாரம் கொடுத்தது. அதற்குள் கனெக்டிகட், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்கள் சிறைகளில் அழைப்பை இலவசமாகவே ஆக்கிவிட்டன.

2024-இல் ஆணையம் புதிய கட்டண வரம்பைக் கொண்டுவந்தது. பெரிய சிறைகளில் ஒரு நிமிடத்துக்கு 6 சென்ட். குடும்பங்கள் மூச்சு விட்டன. 2025 ஜூனில் அதே ஆணையம் அந்த வரம்பு நடைமுறைக்கு வருவதை 2027-க்குத் தள்ளிவைத்தது. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஜாமர் யோசனை வந்தது.